ஐசியூ கட்டிலுக்கு டேங்கர் சங்கிலி

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மின் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறார்களாம். இருபத்தெட்டு வருடம் அங்கே கருவிகளைப் பராமரித்தவன் என்ற முறையில் நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். போனேன். பாலியஸ்டர் சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து "பாதுகாப்பு என்பது" என்று ஆரம்பித்ததும் உதட்டில் சுள்ளென்று ஒன்று வைத்தது. எர்த் இல்லாத மைக். நான் சட்டென்று நிறுத்திவிட்டேன். பழைய நினைவில் தொண்டை அடைத்துக்கொண்டது போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டியது.

கூட்டம் முடிந்ததும் இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் வந்து, "சார், உங்க அனுபவத்த எழுதித் தாங்க, ஆண்டு மலர்ல போடலாம். கொஞ்சம் யாரு மனசும் நோகாம இருக்கட்டுங்க" என்றாள். சரி என்று வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், நோகாமல் எழுத என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. எப்படியும் மலரில் போடமாட்டார்கள். அதனால் தாராளமாகவே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன். முதல் ஆறு வருடம் நாமக்கல்லைச் சுற்றியிருந்த கோழிப்பண்ணைகளில் குஞ்சு பொரிக்கும் மெஷின்களைப் பழுது பார்த்தேன். கரண்ட் போனால் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துவிடும் என்ற பயத்தோடு படுத்து எழுந்தவன் என்பதால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்னைப் பிடித்துப்போனது. நேர்காணலில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய்? "டீசல் இருக்குதான்னு பாப்பனுங்க" என்றேன். வேலை கிடைத்தது.

பிறகு மானிட்டர் கம்பெனிக்காரர்கள் சென்னையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. பாடத்தில் மனதில் நின்றவை இரண்டு. ஒன்று ஸ்டேட்டிக். நைலான், பாலியஸ்டர் உரசி உடம்பில் சேரும் மின்சாரம். எதையாவது தொட்டால் 'டப்' என்று ஒரே அடி, அதோடு தீர்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, மெஷினுக்குள் இருக்கும் சில்லுக்குத்தான் ஆபத்து. இன்னொன்று லீக்கேஜ். எந்த மெஷினிலும் கொஞ்சம் மின்சாரம் அதன் உடம்புக்குக் கசியும். பிளக்கில் உள்ள மூன்றாவது பின், எர்த் என்போமே, அது அதை மண்ணுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். போக வழியில்லை என்றால், அடைத்த சாக்கடையில் தண்ணீர் நிற்பதுபோல அது மெஷினிலேயே நிற்கும். தொட்டால் ஒரே அடியாக அடிக்காது. தொட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் ஊறிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் என் வேலையில் பாதி தெரிந்த மாதிரி.

பயிற்சி முடிந்து வரும்போது கையில் கட்டும் ஒரு பட்டை கொடுத்தார்கள். மெஷினைத் திறந்து வேலை செய்யும்போது உடம்பில் உள்ள ஸ்டேட்டிக்கை மெல்ல மண்ணுக்கு இறக்கிவிடுகிற பட்டை. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் தங்கமுத்து வந்தார்.

"ஏனப்பா சண்முகம், இது எந்தக் கோயில் கயிறு?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கையை நீட்டிக் காட்டினார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று நாலு கயிறு இருந்தது.

"நாலு கட்டியே எனக்கு ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. நீ ஒண்ணக் கட்டிட்டு என்ன பண்ணப் போறே?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கமுத்துவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சேர்மன் லாரி பாடி கட்டும் தொழிலில் பெரிய ஆள். சின்ன நர்சிங் ஹோமாக இருந்த ஆஸ்பத்திரியை வாங்கி ஐந்து மாடியாக்கியபோது, பட்டறையில் ஸ்பேர் பார்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த தங்கமுத்துவைப் பராமரிப்பு மேனேஜராக்கிக் கூட்டிவந்தார். மனிதர் இடம் மாறினாரே தவிர வார்த்தை மாறவில்லை. நோயாளி அவருக்கு வண்டி. ஐசியூ பட்டறை. டிஸ்சார்ஜ் டெலிவரி. "ரெண்டாம் நம்பர் வண்டி எப்பத்தான் டெலிவரி ஆகுது?" என்று வார்டு வாசலில் நின்று சத்தமாகக் கேட்பார். உறவினர்கள் யாரோ லாரிக்காரர் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவரிடம் புகார் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. நாம் பேச ஆரம்பித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்கத் தொடங்குவார். பேசி முடிக்கும்வரை துடைப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, நாம் இப்போதுதான் உள்ளே வந்ததுபோல ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். பல வருடம் அந்த வார்த்தை "வோல்டேஜ்" என்று இருந்தது. நான் ஸ்டேட்டிக்கைப் பற்றி விளக்கிச் சொன்ன நாளிலிருந்து அது "ஸ்டேட்டிக்" ஆகிவிட்டது. லிப்ட் நின்றால் ஸ்டேட்டிக். ஃபேன் சத்தம் போட்டால் ஸ்டேட்டிக். கேன்டீனில் பால் திரிந்தபோதும் அதையே சொன்னார் என்று சமையல்காரர் சத்தியம் செய்வார். அந்த வார்த்தையை அவர் கையில் கொடுத்தவன் நான்தான்.

ஸ்டேட்டிக் உண்மையாகவே வந்த ஒரு மார்கழி மாதமும் உண்டு. சேர்மனின் சம்பந்தி நூறு பாலியஸ்டர் போர்வைகளை நன்கொடையாகக் கொடுத்திருந்தார். ஏசியில் காற்று வறண்டு கிடக்கும். சிஸ்டர் போர்வையை இழுத்தால் பொரி பொரிவதுபோல் படபடக்கும். அதே கையோடு மானிட்டரைத் தொட்டால் 'டப்'. திரை இருண்டு, கம்பெனியின் பெயரைக் காட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த அரை நிமிடம் நோயாளியின் இதயம் துடிக்கிறதா என்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நான் எழுதிக்கொடுத்தேன்: பருத்திப் போர்வை வாங்குங்கள், காற்றில் ஈரப்பதம் இருக்கும்படி ஏசியைச் சரிசெய்யுங்கள், மானிட்டரைத் தொடுமுன் எர்த் உள்ள இரும்பு எதையாவது தொடச் சொல்லுங்கள்.

தங்கமுத்து கண்ணாடி துடைத்தபடி கேட்டார். "போர்வையில சம்பந்தியோட பேரு அச்சடிச்சிருக்குது. அத எடுத்துட்டா கல்யாணத்துக்குக் கூப்புடாம உட்ட மாதிரி ஆயிரும்" என்றார். விஷயம் சேர்மனுக்குப் போனது.

சேர்மன் நல்ல மனிதர். ஏழைகளுக்கு பில்லில் குறைத்துக் கொடுப்பவர், வேலைக்காரர்களை வாடா போடா என்று பேசாதவர். ஆனால் உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் லாரியில் ஒரு தீர்வு இருக்கிறது என்று நம்புகிறவர். ஐசியூவுக்கு வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏம்பா, கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கருக்கெல்லாம் பின்னால சங்கிலி தொங்குதே, அது எதுக்கு?"

"ஸ்டேட்டிக் தரைக்கு எறங்கறதுக்குங்கய்யா."

"அப்பறம் என்ன? கட்டிலுக்கும் கட்டீரலாம்."

"அய்யா, அது தார் ரோட்டுக்கு, பங்க்ல நிக்கற எடத்துக்கு. இது பளபளன்னு டைல்ஸ் போட்ட தரைங்க. டைல்ஸ்ல கரண்ட் எறங்காதுங்க."

"தரைன்னா எல்லாந் தரைதானப்பா" என்றார் சேர்மன். தங்கமுத்து தலையாட்டினார்.

சேர்மன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். சங்கிலி மட்டும் போதாது, கட்டிலையே புதிதாக நம் பட்டறையில் செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். மூன்று மாதத்தில் எட்டுக் கட்டில்கள் வந்தன. எவர்சில்வர் சட்டம், மோட்டாரில் ஏறி இறங்கும் தலைமாடு, தலைப்பக்கம் ஆறு பிளக் பாயின்ட். மானிட்டர், மருந்து ஏற்றும் பம்ப் எல்லாவற்றையும் கட்டிலிலேயே செருகிக்கொண்டு, கட்டிலிலிருந்து ஒரே ஒரு வயரைச் சுவரில் செருகினால் போதும். பார்க்க அழகு. அடியில் ரப்பர் சக்கரங்களுக்கு நடுவே சங்கிலி.

கட்டிலைத் தள்ளினால் அந்தச் சங்கிலி டைல்ஸில் சலங் சலங் என்று இழுபடும். ஆபரேஷன் முடிந்து பாதி மயக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, சங்கிலிக் கருப்பன் தன்னைக் கூட்டிப்போக வந்துவிட்டான் என்று கதறி, கெடா வெட்டுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டார். அவர் பிழைத்துப் போனதும் சங்கிலியின் மதிப்பு கூடிவிட்டது. ஆயுத பூஜைக்கு எட்டுச் சங்கிலிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள்.

கட்டில்களை மாதம் ஒருமுறை சோதிக்க ஒரு படிவம் போட்டுக் கொடுத்தார் தங்கமுத்து. அதில் ஒரு கட்டம்: "எர்த் உண்டா? பிளக் ஓட்டையிலிருந்து பாடிக்கு." மீட்டரின் ஒரு முள்ளைப் பிளக் பாயின்டின் எர்த் ஓட்டையிலும் இன்னொன்றைக் கட்டில் சட்டத்திலும் வைப்பேன். இணைப்பு கச்சிதமாக இருப்பதாக மீட்டர் காட்டும். 'எர்த் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எட்டுக் கட்டில், எட்டுக் கையெழுத்து. பத்து நிமிட வேலை.

புகார் சொன்ன முதல் ஆள் பொன்னம்மா. ஐசியூவில் தரை துடைக்கிறவர்.

"அண்ணா, இந்தப் புதுக் கட்டலு கடிக்குதுங்ணா. மாப்புப் போடறப்ப கை பட்டா சுருசுருங்குது."

நான் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிஸ்டர் அமுதா தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. தங்கமுத்து இரண்டு கையாலும் கட்டிலைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். "ஸ்டேட்டிக்" என்றார். பொன்னம்மா அதற்குப் பிறகும் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்வதை நிறுத்திவிட்டு, கை படாமல் துடைக்கப் பழகிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்பும் ஷூவும் போட்டவர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றது அவர் ஒருவர்தான். இது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும், என் தொழிலே அதுதான்.

அப்புறம்தான் பாவாயி வந்தார். மோகனூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். வேலை செய்துகொண்டிருந்தபோதே மயங்கி விழுந்துவிட்டார். இதயத் துடிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. இதய மருத்துவர், நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒரு வயரை இதயத்துக்குள் இறக்கி, அதன் மறுமுனையை பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியில் மாட்டினார். நிரந்தரமான பேஸ்மேக்கர் வரும்வரை, இரண்டு மூன்று நாள், அந்த வயர்தான் அவருடைய துடிப்பு. நாலாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

நம் தோல் நல்ல காவல்காரன். கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே விடாது. ஆனால் இப்படி ஒரு வயர் இருந்தால் தோலுக்கு வேலையே இல்லை. விரலால் தொட்டால் நாம் உணரக்கூட முடியாத அளவு கசிவு, அந்த வயரின் முனையில் பட்டால் நேராக இதயத்துக்குப் போய்விடும். போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். சென்னைப் பயிற்சியில் இந்த இடத்தில் வாத்தியார் மூன்று முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் பார்வையாளர் நேரம். பாவாயியின் மானிட்டரில் கோடு தடித்துத் தெரிகிறது என்று சிஸ்டர் அமுதா கூப்பிட்டார். போனேன். மறுநாள் தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வருவதால் தங்கமுத்துவும் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பொன்னம்மா அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார். பாவாயியின் கணவர் ராமசாமி, விதிப்படி செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மனைவியின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கினார்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"இவளத் தொட்டா கடிக்குதுங்க."

தங்கமுத்து சிரித்துவிட்டார். "கல்யாணமாயி எத்தன வருசமாச்சு பெரியவரே? இப்பத்தான் கடிக்குதாக்கும்?"

பாவாயியும் சிரித்தார். நானும் சிரித்தேன். தங்கமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஸ்டேட்டிக்" என்றார்.

"என்னமோங்க. சுருக்குனு ஒருக்காக் கடிச்சா செரிங்க. இது உடாம ஊறுதுங்க. எறும்பு ஊறுறாப்ல" என்றார் ராமசாமி.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஸ்டேட்டிக் ஊறாது. அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். பாவாயியின் இடது கை கட்டில் சட்டத்தின்மேல் இருந்தது. கட்டிலில் நிற்கும் மின்சாரம் அவர் உடம்பு வழியாக, புருஷன் கை வழியாக, வெறுங்கால் வழியாக ஈரத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சங்கிலி கிடந்த அடிப்பக்கம் மாப் எட்டாமல் காய்ந்தே கிடந்தது. அதைவிட மோசமானது தலையணைப் பக்கம் இருந்தது. இதய வயரும் பெட்டியும் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பிரிந்து, வயரின் உலோக முனை வெளியே தெரிந்தது. கட்டில் சட்டத்துக்கும் அதற்கும் நாலு விரல்கடை தூரம். பாவாயி கொஞ்சம் புரண்டு அது சட்டத்தில் பட்டால் போதும், கசிவு நேராக இதயத்துக்குள் நுழைந்து புருஷன் கை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும்.

கத்தினால் அவர் பதறிப் புரண்டுவிடுவார். அதனால் என்னால் முடிந்த அளவு மெதுவாகப் பேசினேன்.

"பெரியவரே, அம்மா கைய உடுங்க."

"ஏனுங்க?"

"மெதுவா உட்டுட்டு அக்கட்டால வாங்க. பாவாயிம்மா, நீங்க அசையாதீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. சாகக் கிடக்கிற பெண்டாட்டியின் கையைப் பிடிக்கக்கூடாது என்று ஒருவன் சொல்கிறான் என்ற கோபமும், ஆஸ்பத்திரியில் எதிர்த்துப் பேசக்கூடாது என்ற பயமும் அதில் இருந்தன. கையை விட்டார். நான் போய்ச் சுவரிலிருந்து கட்டிலின் பிளக்கைப் பிடுங்கினேன்.

மானிட்டர், பம்ப் இரண்டும் பேட்டரிக்கு மாறின. தங்கமுத்து பதறினார். "ஏம்பா, நாளைக்கு ஆளுக வாரப்ப எதுக்குப் பிளக்கப் புடுங்கறே?" நான் காலியாக, ஆனால் சுவரில் செருகியபடி இருந்த ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போய், மீட்டரின் ஒரு முள்ளை அதன் சட்டத்திலும் இன்னொன்றை மண்ணுக்குள் இறங்கும் கை கழுவும் இரும்புக் குழாயிலும் வைத்தேன். நூறு வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. மாதாமாதம் 'எர்த் சரி' என்று நான் கையெழுத்துப் போட்ட கட்டில் அது.

நாலாம் நம்பரில் பிடுங்கிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே மூன்று பின். உள்ளே இரண்டே வயர். மூன்றாவது பின்னுக்கு எதுவுமே வரவில்லை. கட்டிலுக்கு வயரிங் செய்த பட்டறை எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"எர்த் வயர எங்கப்பா குடுத்தே?"

"பாடியிலதானுங்ணா. பாலிஷ நல்லாச் சுரண்டி, வாஷர் போட்டு டைட் பண்ணிருக்கறனுங்க. பாடி எர்த்து பக்காவா இருக்குமுங்ணா."

அவன் பொய் சொல்லவில்லை. லாரியில் அதுதான் முறை. பேட்டரியின் ஒரு முனை பாடியில் இருக்கும், பாடிதான் எர்த். ரப்பர் டயரின்மேல் லாரி ஆயுசு முழுக்க ஓடும், ஒரு குறையும் இருக்காது. அந்த முறையையே ரொம்ப அக்கறையோடு எட்டுக் கட்டிலுக்கும் செய்திருந்தான். எல்லா மெஷின்களின் கசிவும் பத்திரமாகக் கட்டிலுக்கு வந்து, ரப்பர் சக்கரத்தின்மேல் போக வழியில்லாமல் நின்றது. நானும் மீட்டரை ஓட்டையிலிருந்து பாடிக்கு வைத்து, கட்டில் கட்டிலோடு நன்றாக இணைந்திருக்கிறது என்று மாதாமாதம் உறுதி செய்துகொண்டிருந்தேன்.

அதற்குள் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. பழைய பேட்டரி. மாற்றச் சொல்லி எழுதியபோது, "வண்டி ஓடிட்டிருக்கறப்ப பேட்டரி எதுக்கு?" என்று தங்கமுத்து திருப்பி அனுப்பியிருந்தார். டாக்டரம்மா ஓடி வந்தார். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். வேறு கட்டிலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சண்முகம். தூக்கறப்ப உள்ள இருக்கற வயர் நகந்துச்சுன்னா துடிப்பு நின்னுரும். இங்கயே என்ன பண்ண முடியுமோ பண்ணுங்க" என்றார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வயர் முனையை அவரே சுற்றி மூடினார்.

கோழிப்பண்ணையில் வேலை பார்த்த கை இருக்கிறதே, அது அன்றைக்கு உதவியது. ஸ்டோருக்கு ஓடிப்போய் எர்த் கம்பியும் சேர்ந்த மூன்று கோர் வயர், பலகை, நாலு பிளக் பாயின்ட் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். பாதி வேலையில் மானிட்டர் அணைந்துவிட்டது. சிஸ்டர் அமுதா கையுறை போட்ட விரலைப் பாவாயியின் மணிக்கட்டில் வைத்து, சத்தமாக எண்ண ஆரம்பித்தார். அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டே ஸ்குரூ முடுக்கினேன். ஒரு எண் தாமதமானால் என் கை நின்றுவிடும். கதவோரம் நின்ற ராமசாமியும் அவரோடு சேர்ந்து உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

பலகையைச் சுவரில் செருகி, எர்த்தைக் குழாயிலிருந்து அளந்து பார்த்துவிட்டு, மானிட்டரை மாட்டினேன். கோடு மெல்லிசாக, ஒழுங்காக வந்தது. மின்சாரம் இல்லாத கட்டில் வெறும் எவர்சில்வர்தான், அதனால் ஆபத்தில்லை. ராமசாமியைக் கூப்பிட்டு, "இப்பப் புடிச்சுக்கோங்க" என்றேன். தயங்கித் தயங்கி ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு முழுக் கையாலும் பிடித்துக்கொண்டார்.

செய்தி கேட்டுச் சேர்மன் வந்து சேர்ந்தபோது தங்கமுத்து முந்திக்கொண்டார். "நானே ரெண்டு கையாலயும் புடிச்சுப் பாத்துட்டனுங்கய்யா, ஒண்ணுமில்ல." சேர்மனும் மின்சாரத்தோடு இருந்த ஏழாம் நம்பர் கட்டிலைத் தொட்டார். "எனக்கும் ஒண்ணும் அடிக்கலையேப்பா?"

இந்த மாவட்டத்தில் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்ல உரிமை உள்ளவர் சாமி ஒருவர்தான். நான் சொன்னேன். "அய்யா, ஷூவும் சாக்ஸும் கழட்டிட்டு இந்த ஈரத்துல நின்னு, பொறங்கையால லேசாத் தொட்டுப் பாருங்க."

கழற்றினார். நின்றார். தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்தார்.

"அடேங்கப்பா! இத்தன நாளா ஏன் ஒருத்தரும் சொல்லல?"

மாப்பைப் பிடித்தபடி ஓரமாக நின்ற பொன்னம்மா வாயைத் திறந்தார். "நாங்க சொன்னமுங்க."

சேர்மன் அவரைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார். அன்றைக்கே எட்டுக் கட்டில்களுக்கும் வயர் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். தங்கமுத்து என்னிடம், "நாந்தான் அப்பவே வோல்டேஜ்னு சொன்னனே" என்றார்.

மறுநாள் சான்றிதழ் குழு வந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கும் சங்கிலியைப் பார்த்து, உள்ளூர் அறிவைப் பயன்படுத்திய புதுமை என்று பாராட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பாவாயியின் பக்கத்தில் நான் செய்த பலகையைப் பார்த்து, நடக்கிற பாதையில் வயர் கிடக்கிறது என்று குறை எழுதினார்கள். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கொடுத்தேன். இரண்டு வரி போதுமானதாக இருந்தது.

பாவாயிக்கு நிரந்தரக் கருவி வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது ராமசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கைய உடச் சொன்னப்ப உங்க மேல கோவம் வந்துச்சுங்க சாமி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் மலரில் போட்டிருப்பார்கள். அந்த வாரம் வயர் மாற்றி முடித்த கட்டில்களின் புதுச் சோதனையை எழுத மாதப் பதிவேட்டைத் திறந்தேன். முந்தைய பக்கங்களில் என் பழைய கையெழுத்துகள் இருந்தன. நாலாம் நம்பர் கட்டில், எர்த் சரி. ஏனோ ஐசியூ பதிவேட்டையும் வாங்கி, நாலாம் நம்பரில் அதற்கு முன்பு யார் யார் படுத்திருந்தார்கள் என்று பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர். செங்கோடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் கழுத்து வழியாக அதே மாதிரி வயர். தேறி வருகிறார் என்று காலையில் எழுதியிருந்தார்கள். சாயங்காலம் இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுவிட்டது. பார்வையாளர் நேரம்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "என்ற கையப் புடிச்சுட்டே இருந்தாருங்க. புடிச்ச புடியிலயே போயிட்டாரு." ஆறுதல் சொல்லத் தெரியாமல் நானும் ஒரு வார்த்தை சொன்னேன். "புண்ணியவானுங்கம்மா. உங்க கையப் புடிச்சுட்டே போற குடுப்பன எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

பதிவேட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். பக்கத்தைக் காட்டி, இது அவருடைய நெஞ்சா, நம்ம கட்டிலா என்று கேட்டேன். அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். "தெரியல சண்முகம். அவரோட இதயத்துக்கே அப்படி நடந்திருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழியும் இல்ல" என்றார்.

அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை குழாயிலிருந்து அளக்காமல் எந்தக் கட்டிலுக்கும் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த அம்மாவின் ஊர் எனக்குத் தெரியும், ஜேடர்பாளையம் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். இரண்டு முறை பஸ் ஏறியிருக்கிறேன். அந்த ஊரில் இறங்கவில்லை. கடைசி நேரத்தில் புருஷன் தன் கையைப் பிடித்திருந்தார் என்பது ஒன்றுதான் அந்த அம்மாவுக்கு மிச்சம். அந்தக் கையைப் பற்றி நான் போய் என்ன சொல்ல முடியும்?